பொட்டலத்தில் பெயர் எழுதுங்கள்... அப்புறம் பிளேன் ஏறுங்கள்!

"டாக்டர், அடுத்த மாசம் சிங்கப்பூர் போறோம். பொண்ணுக்குப் பிரசவம். மூணு மாசத்துக்கு உங்க மருந்தையெல்லாம் கட்டிக் கொடுத்துடுங்க!"

இப்படிச் சொல்லிக்கொண்டே என் கிளினிக்குக்குள் நுழைகிற அப்பா, அம்மாக்கள் இப்போதெல்லாம் நிறையப் பேர். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பல வீடுகளில் பிள்ளைகள் படித்து வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டார்கள். பேரன், பேத்தி பிறந்தால் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் முதல்முறையாக பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறுகிறார்கள். சந்தோஷமான விஷயம்தான்!

ஆனால், அவர்கள் கட்டுகிற பெட்டியைப் பார்த்தால்தான் எனக்கு பயம் வருகிறது. இட்லிப் பொடி, வடகம், ஊறுகாய், புடவை, வேட்டி எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். மருந்துக்கு மட்டும் பட்டியலே இருக்காது. அது பெட்டியின் எந்த மூலையிலாவது, ஏதோ ஒரு பழைய பிளாஸ்டிக் பையில் கிடக்கும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு தப்பு செய்து பட்டுக்கொண்டவன் என்கிற தகுதிதான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தப்பு

2018-ல் நடந்தது. திண்டிவனத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கணக்கு வாத்தியார். ரத்த அழுத்தத்துக்கு ஆங்கில மருந்து சாப்பிடுகிறார். வயிற்றெரிச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் என்னிடம் வருவார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது, வழக்கம் போல சங்கு பற்பமும் திரிபலா சூரணமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம். வெள்ளைப் பொடி தனி, பழுப்புப் பொடி தனி. ரெண்டு மாசத்துக்கு நூற்றுக்கும் மேலான பொட்டலங்கள். ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை!

அங்கே இறங்கியதும் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரில் மடித்த வெள்ளைப் பொடி, அதுவும் இத்தனை பொட்டலம். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? "இது என்ன?" என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகியவர், ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றார். "டாக்டர் கொடுத்த பொடி" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. என் மருந்துச் சீட்டும் அவரிடம் இல்லை. ஏனென்றால், நான் எழுதித் தரவே இல்லை.

மகள் எனக்குப் போன் செய்தபோது இங்கே நடுராத்திரி. நான் விளக்கிச் சொன்னேன். பொடியைச் சோதித்துப் பார்த்து, ஆபத்தானது இல்லை என்று தெரிந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் பதற்றத்தில், காலையில் போட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. வீடு போய்ச் சேர்ந்தபோது தலைசுற்றல், வாந்தி. அன்று ராத்திரியே டாக்டரிடம் ஓட வேண்டியதாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் என்னைப் பார்க்க வந்தார். கோபப்படவில்லை. "சார்... பொட்டலத்து மேல ஒரு பேர் எழுதியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் அஞ்சரை வருஷம் படித்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா?

அன்றிலிருந்து என் கிளினிக்கில் பெயரில்லாத பொட்டலம் கிடையாது.

பன்னிரண்டு மணி நேரக் கணக்கு

வெளிநாடு என்றதும் விமானத்தில் உட்காரும் நேரத்தை மட்டும்தான் நாம் கணக்குப் போடுகிறோம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு, நாலரை மணி நேரம். 'அட, அவ்வளவுதானே!' என்று தோன்றும். ஆனால், வீட்டிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திண்டிவனத்திலிருந்து விமான நிலையத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். விழுப்புரம் என்றால் இன்னும் நாற்பது கிலோமீட்டர் கூட. செங்கல்பட்டு, பெருங்களத்தூர் பக்கம் வண்டி ஊர்ந்தால் மூன்று மணி நேரத்தை சாலையே சாப்பிட்டுவிடும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இருக்கச் சொல்கிறார்கள். விழுப்புரத்துக்காரர்கள் சிலர் திருச்சி வழியாகவும் போகிறார்கள். அங்கும் சாலைத் தூரம் ஏறக்குறைய இதே அளவுதான். இறங்கிய பிறகு வரிசை, பெட்டி, வீடு... ஆக மொத்தம் வாசல்படி தாண்டியதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்!

இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை நோயாளிக்கு ரெண்டு வேளை மாத்திரை வந்துவிடும். பெரிய பெட்டியோ விமானத்தின் வயிற்றுக்குள். சில சமயம் அது உங்களோடு வந்து சேராமல் அடுத்த நாள் வருவதும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: தினமும் சாப்பிடும் மருந்து முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். புடவை ஒரு நாள் தாமதமாக வரலாம். மாத்திரை வரக்கூடாது.

இன்சுலின் போடுகிறவர்கள் இதில் இரட்டை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெட்டிகள் வைக்கும் பகுதியில் குளிர் மிகுந்தால் இன்சுலின் உறைந்து வீரியம் கெட்டுவிடும். ஊசியும் இன்சுலினும் கைப்பையில், டாக்டர் கடிதத்தோடு இருக்கட்டும்.

சிங்கப்பூர் நேரம் நம்மைவிட ரெண்டரை மணி முன்னால். இங்கே காலை எட்டு என்றால் அங்கே பத்தரை. இந்தச் சின்ன வித்தியாசத்துக்குப் பெரிய மாற்றம் தேவைப்படாது. ஆனால், லண்டன், அமெரிக்கா போகிறவர்கள் எந்த வேளை மருந்தை எப்போது போடுவது என்று உங்கள் டாக்டரிடம் முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் தெரிந்த மருந்து

"மருந்துன்னா மருந்துதானே தம்பி, அதுக்கு என்ன சட்டம்?" என்று தலைமையாசிரியரின் மனைவி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நம் ஊரில் மருந்து என்பது நம்பிக்கை. எல்லைக்கு அந்தப் பக்கம் அது ஒரு பொருள். அதற்குப் பெயர் வேண்டும், அளவு வேண்டும், யாருக்கு என்று சொல்லும் சீட்டு வேண்டும்.

சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கு அதிகபட்சம் மூன்று மாத அளவு மருந்து கொண்டு போகலாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, சில வலுவான வலி மாத்திரைகள் போன்றவற்றுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். துபாயிலும் இதில் கெடுபிடி அதிகம். 'எனக்கு இங்கே டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே' என்பது அங்கே போதாது. உங்கள் மாத்திரை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று உரித்து ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். நம் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மெட்ஃபார்மின் என்றால் உலகம் பூராவும் தெரியும்.

இனி என் வைத்தியத்துக்கு வருகிறேன். சித்த மருந்து, ஆயுர்வேத மருந்து கொண்டு போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, பற்பம், செந்தூரம். இவற்றில் சிலவற்றில் பாதரசம், ஈயம், தாளகம் போன்றவை சேரும். 2004-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது. அதிலிருந்து பல நாடுகள் இந்த மருந்துகளை உற்றுப் பார்க்கின்றன. முறைப்படி செய்தது, சுத்தி செய்தது என்று நாம் சொல்லலாம். அங்குள்ள பரிசோதனைக்கூடத்துக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: உலோகம் எத்தனை? ஆகவே, இத்தகைய மருந்து சாப்பிடுகிறவர்கள் புறப்படுவதற்கு ஒரு மாசம் முன்பே வைத்தியரிடம் சொல்லி, மூலிகை மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.

இரண்டு, லேகியம். பழைய முறைப்படி சில லேகியங்களிலும் சூரணங்களிலும் கஞ்சாவோ அபினியோ சேர்வது உண்டு. இது மறைக்க வேண்டிய ரகசியமில்லை. நம் நாட்டு மருந்து விதிகளின் ஈ(1) அட்டவணையிலேயே இவை நச்சுப் பொருட்களாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அத்தகைய மருந்தின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். அந்த எச்சரிக்கை இருக்கும் மருந்தை வெளிநாட்டுப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். லேபிளே இல்லாத லேகியம் என்றால் கேட்கவே வேண்டாம். சிங்கப்பூரில் போதைப்பொருள் சட்டம் மரண தண்டனை வரைக்கும் போகக்கூடியது.

மூன்று, அடுத்தவர் பொட்டலம். "எங்க தம்பி அங்கதான் இருக்கான், இந்த ஒரு டப்பாவைக் கொடுத்துடுங்க" என்று யாராவது நீட்டினால், கையைக் கூப்பி மறுத்துவிடுங்கள். உங்கள் பெட்டியில் இருந்தால் அது உங்களுடையது. 'எனக்குத் தெரியாது' என்பதை நீங்கள்தான் அங்கே நிரூபிக்க வேண்டும். முகத்தாட்சண்யம் பார்க்கிற இடமில்லை இது.

சமையலறையில் ஒரு கண்ணி

இதைச் சொன்னால் பெண்கள் ஆச்சரியப்படுகிறார்கள். கசகசா! நம் வீட்டுக் கறிக்குழம்பு மசாலாவில் தேங்காயோடு அரைக்கிற அதே கசகசா. அது அபினிச் செடியின் விதை. சமையலுக்குப் போடும் அளவில் நமக்கு ஒன்றும் செய்யாது. ஆனால், சிங்கப்பூரிலும் துபாயிலும் அதை அனுமதியில்லாமல் கொண்டு போகக்கூடாது. தனியாக வைப்பதை விட்டுவிடுவீர்கள். மெஷினில் அரைத்த மசாலாப் பொடிக்குள் இருக்கிறதே, அது? பெண்ணுக்குக் கொடுப்பதற்கென்று அரைக்கும்போது கசகசா இல்லாமல் தனியாக அரையுங்கள்.

கொப்பரைத் தேங்காயும் கற்பூரமும் விமானத்தில் ஆகாது. கொப்பரையில் எண்ணெய் அதிகம். அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடியது என்பதால் தடை. கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும்.

வெற்றிலை போடும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மெல்லும் புகையிலைக்கு சிங்கப்பூரில் தடை. கண்ட இடத்தில் துப்பினால் அபராதம். புறப்படுவதற்கு ரெண்டு மாசம் முன்பே புகையிலையை விட்டுவிட இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? வாய்க்கும் நல்லது, பேரப்பிள்ளைக்கும் நல்லது. பேரன் கேட்டான் என்று சூயிங்கம் வாங்கிப் போகாதீர்கள். 1992-லிருந்து அதற்கும் அங்கே தடை.

அமெரிக்கா போகிறவர்கள் பச்சைக் கறிவேப்பிலையை விட்டுவிடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் தடை. ஆஸ்திரேலியா என்றால் உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதிக் கொடுத்தால் பறிமுதலோடு போகும். மறைத்தால் அபராதம்.

பிரசவத்துக்குப் போகும் அம்மாக்களுக்கு

பிரசவ லேகியம் இல்லாமல் எந்த அம்மாவும் புறப்படுவதில்லை. வீட்டில் கிண்டியதை எவர்சில்வர் டப்பாவில் அடைக்காதீர்கள். உரிமம் பெற்ற கம்பெனியின் மூடிய டப்பாவாக, சேர்ந்திருக்கும் சரக்குகள் அச்சிட்டதாக வாங்குங்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் முன் அங்கே பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ பெண்ணுக்கு இருந்தால் இது இன்னும் முக்கியம்.

பிறந்த குழந்தைக்கு உரை மருந்து, வசம்பு என்று மூட்டை கட்ட வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை தேனைத் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. முதல் ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால்தான் உணவு, அதுதான் மருந்து. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், தைரியமாக விட்டுவிட்டுப் போங்கள்.

அப்படியானால் என்னதான் கொண்டு போவது?

வழிக்கு உதவும் எளிய மருந்துகள் சில போதும். சுக்குப் பொடி குமட்டலுக்கும் வயிற்று மந்தத்துக்கும் நல்லது. அஷ்ட சூரணம் சாப்பாடு மாறுவதால் வரும் அஜீரணத்துக்கு. அதில் இந்துப்பு உண்டு, ரத்த அழுத்தக்காரர்கள் அளவோடு சாப்பிட வேண்டும். பயணத்தில் நிறையப் பேருக்கு வருவது மலச்சிக்கல். அதற்கு ராத்திரி வெந்நீரில் திரிபலா. மாதுளை மணப்பாகு வாந்திக்கு நல்லதுதான். ஆனால், சர்க்கரைப் பாகு என்பதால் நீரிழிவுக்காரர்களுக்கு வேண்டாம். எல்லாமே கம்பெனி லேபிளோடு இருக்கட்டும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் ஒரு அட்டை. சிங்கப்பூரிலும் டெங்கு உண்டு. காய்ச்சல் விடவில்லை என்றால் கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் போங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள்.

தைலம், மணப்பாகு போன்ற திரவங்கள் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் கூடாது. 2006-ல் லண்டனில் விமானத்துக்குள் வெடிதிரவம் கடத்தும் சதியைக் கண்டுபிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. பெரிய பாட்டிலை பெரிய பெட்டியில் வையுங்கள். ஊறுகாய், நெய், மிளகாய்ப் பொடியும் அப்படியே. பவர் பேங்க் மட்டும் நேர் எதிர். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் செருப்பு! சிரிக்காதீர்கள். சிங்கப்பூரில் ரயிலுக்குப் போக, கடைக்குப் போக, எல்லாவற்றுக்கும் நடைதான். ஊரில் தெருமுனைக்கே ஆட்டோ பிடிக்கிறவர்களுக்கு ரெண்டே நாளில் கால் வீங்கிவிடும். புதுச் செருப்பு, புது ஷூவோடு புறப்படாதீர்கள். ஒரு மாசம் முன்பே வாங்கி, தினமும் அரை மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டே நடந்து பழகுங்கள். சர்க்கரை நோயாளிக்குக் காலில் ஒரு கொப்புளம் வந்தால் அது சின்ன விஷயமில்லை.

மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும். சிராங்கூன் ரோட்டில் முருங்கைக்கீரை முதல் வேப்பம்பூ வரை விற்கிறார்கள். தமிழும் அங்கே ஆட்சி மொழி. எதையாவது மறந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்டு வாங்க முடியாதது உங்கள் மருந்தும் அதன் சீட்டும் மட்டும்தான்.

கைப்பையில் என்னென்ன?

* பாஸ்போர்ட், டிக்கெட், விசா பிரதி. சிங்கப்பூருக்கு வருகைப் படிவத்தை இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

* தங்கும் நாட்களுக்கான மருந்து, கூட ஒரு வாரத்துக்கு, அட்டையோடு.

* மருந்துச் சீட்டு, ஆங்கிலத்தில், ரெண்டு பிரதி. ஒன்றை மகனுக்கோ மகளுக்கோ முன்பே போனில் அனுப்பிவிடுங்கள்.

* ஒரே தாளில்: உங்கள் நோய்கள், ஒவ்வாமை, ரத்த வகை, அங்கே உள்ள உறவினர் எண். சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் எண் 995.

* பயணக் காப்பீடு. உங்களுக்கு இருக்கும் நோயை மறைக்காமல் எழுதி எடுத்தது. அங்கே மருத்துவச் செலவு நம்மால் தாங்க முடியாதது.

* பிஸ்கட் பாக்கெட், நாலு மிட்டாய். சர்க்கரை மாத்திரை போட்டுச் சாப்பாடு தாமதமானால் வியர்வை, படபடப்பு, கை நடுக்கம் வரும். உடனே வாயில் போட.

* மூக்குக் கண்ணாடி ஒன்று கூடுதலாக.

போன வருஷம் அந்தத் தலைமையாசிரியர் மறுபடி சிங்கப்பூர் போய் வந்தார். இந்தத் தடவை ஒவ்வொரு டப்பாவிலும் மருந்தின் பெயர், அளவு, அவர் பெயர் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கையெழுத்துப் போட்ட சீட்டோடு கொடுத்தேன். "யாராவது கேட்டாங்களா சார்?" என்றேன். "கேட்டாங்க டாக்டர். சீட்டைக் கொடுத்தேன். படிச்சாங்க, பெட்டியை மூடிக்கங்கன்னாங்க. ரெண்டு நிமிஷம்!" என்று சிரித்தார்.

உங்கள் வைத்தியர், அவர் யாராக இருந்தாலும் சரி, பெயர் எழுதாமல் மருந்து கொடுத்தால் தயங்காமல் கேளுங்கள். "இதுக்குப் பேர் என்ன? எழுதித் தாங்க" என்று சொல்லுங்கள். வெளிநாட்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும், நாம் விழுங்குகிற பொருளின் பெயரைத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. எழுதித் தர வேண்டியது எங்கள் கடமை.